ராஜதுரை எழுதாத பாராட்டு

பெரம்பலூர்
3 பிப்ரவரி 2025

கவிதா முந்திரி, உடையார்பாளையம். உரிமையாளருக்கு,

உங்கள் வெப்சைட்டில் 'வாடிக்கையாளர்கள் சொல்வது' என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் ஐந்து பேர் படம். இரண்டாவது படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "இவ்வளவு ருசியான முந்திரியை நான் சாப்பிட்டதே இல்லை. உயிர் இருக்கிற வரைக்கும் இந்தக் கடையை விடமாட்டேன். ராஜதுரை, திருமானூர்." தேதி போன மாதத்துத் தேதி.

அது என் அண்ணன். அவன் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

சும்மா சாகவில்லை. கொள்ளிடத்தில் திருட்டு மணல் ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போன டிராக்டரை மறித்து நின்றான். அன்றைக்குத் திட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் டீக்கடை வாசலில் வைத்து வெட்டினார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. தடுக்கத் தூக்கிய கையைத் தனியாக வெட்டினார்கள். கீழே விழுந்த பிறகும் விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்த என் தம்பி தமிழ்மாறன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டீக்கடைக்காரர் முதல் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். போலீசிடம் ஒருவர்கூடப் பார்த்ததாகச் சொல்லவில்லை. என் தம்பி மட்டும்தான் சாட்சி. வெட்டிய மூன்று பேரும் உங்கள் உடையார்பாளையம் பக்கத்து ஆட்கள். நீங்களும் அந்த ஊர்க்காரர்.

நான் பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண் உங்கள் வெப்சைட்டைக் காட்டி, உங்க அண்ணன் மொகச்சாயல் இருக்குல்ல என்று கேட்டாள். கீழே இருந்த பெயரையும் ஊரையும் நான் படித்தேன்.

போனில் பேச என் குரலுக்குத் தெம்பில்லை. அதனால் நீங்கள் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? இதை எழுதியது யார்? என் தம்பி இதை இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் எடுத்துவிட்டு, உண்மையை எனக்கு எழுதுங்கள்.

வெற்றிச்செல்வி


உடையார்பாளையம்
8 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ஆனால் அம்மா, ராஜதுரை என்ற பெயர் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். ஒரே சாயலில் ஆட்களும் இருப்பார்கள். எங்கள் வெப்சைட்டில் இருக்கும் ராஜதுரை, தை மாதம் மனைவியோடு கடைக்கு வந்தவர். நானே என் கையால் எடை போட்டுக் கொடுத்தேன். அவராகத்தான் இரண்டு வார்த்தை எழுதித் தந்தார். அதை எடுக்க வேண்டுமென்றால் அவர் வந்து சொல்ல வேண்டும்.

தாங்களும் மண்டியில் இருப்பவர். இன்றைக்கு வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டு விற்றால் வருகிறவன் கையில் எடுத்துப் பார்த்து, கடித்துப் பார்த்து வாங்குவான். சென்னையில் இருப்பவன் எதைக் கடித்துப் பார்ப்பான்? பக்கத்தைத் திறந்த உடனே இவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்று அவனுக்குப் படவேண்டும். அதற்காகப் பெரம்பலூரில் வெப்சைட் செய்து தரும் மஞ்சு என்ற பெண்ணிடம் சொல்லி, முகவரி, மேப், லைசென்ஸ் நம்பர், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற உறுதி எல்லாம் போட்டிருக்கிறேன். 'எந்த நாளும் நேரில் வந்து பார்க்கலாம்' என்றும் போட்டிருக்கிறேன். மடியில் கனமில்லாதவன்தானே அப்படிப் போடுவான்? இப்போதுதான் ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

இத்துடன் கால் கிலோ முந்திரி அனுப்பியிருக்கிறேன். ருசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு
ஜெயப்பிரகாஷ்


பெரம்பலூர்
13 பிப்ரவரி 2025

ஜெயப்பிரகாஷ் என்கிற உங்களுக்கு,

என் அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. செத்தவனுக்குப் பெண்டாட்டி தேடிக் கொடுத்து, முந்திரியும் எடை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். சின்ன வயதில் நான் எறிந்த பம்பரம் பட்டது. உங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது இருக்கிறதா இல்லையா என்று. என்னிடமா சாயல் கதை சொல்கிறீர்கள்?

அனுப்பிய முந்திரியைச் சாக்கடையில் கொட்டினேன். உங்கள் கொட்டகையில் நெருப்பு வைத்தால் முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய்க்கு எப்படி எரியும் என்றுகூட யோசித்தேன். மறைக்கவில்லை, யோசித்தேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கடிதம் வந்தபோது நான் மண்டியில் இருந்தேன். தமிழ்மாறன் வீட்டுக்கு வந்திருக்கிறான். பிரித்துப் படித்துவிட்டான். பிறகு போனில் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டான். நான் வந்தபோது அவன் கத்தவில்லை, அழவில்லை. "கொன்னதும் இல்லாம கேலி பண்றானுங்கக்கா. உயிர் இருக்குற வரைக்கும்னு எழுதிருக்கானுங்க பாரு" என்றான். அந்த மூன்று பேரோடு சேர்ந்துதான் நீங்கள் இதைச் செய்தீர்கள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். உங்கள் கடை எந்தத் தெரு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்களே மேப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கோடையில் அரியலூர் கோர்ட்டில் விசாரணை ஆரம்பிக்கிறது. அவன் ஒருவன் வாய்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி. அவன் உங்கள் மேல் கை வைத்தால், வெட்டியவர்களின் வக்கீல் எழுந்து, இவனே ஒரு ரௌடி, இவன் சொல்வதையா நம்புகிறீர்கள் என்று கேட்பார். மூன்று பேரும் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள்.

நீங்கள் அந்தக் கும்பல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வெறும் வியாபாரப் பொய்க்காரர். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவனிடம் காட்டி நிறுத்தப் பார்க்கிறேன். தாமதிக்காதீர்கள்.

வெற்றிச்செல்வி


அரியலூர், ஆஸ்பத்திரி
26 பிப்ரவரி 2025

வெற்றிச்செல்விக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மனைவி கவிதா எழுதுகிறாள். என் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவதைத் தைத்து வைத்திருக்கிறார்கள், நிற்குமா என்று தெரியாது.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்த அன்றே படித்தேன். பலமுறை எழுத உட்கார்ந்தேன். பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது எங்கே எல்லாம் போகுமோ என்று பயம். எடுத்துவிட்டால் ஒப்புக்கொண்டது போலாகுமோ என்று இன்னொரு பயம். அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் தம்பி பட்டப்பகலில் வந்தார். பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். "வெப்சைட்டப் பாத்துட்டு வந்தேன்" என்றார். அதைப் பார்த்து நேரில் வந்த முதல் ஆள் அவர்தான். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? நாற்காலி போட்டேன், டீ சொன்னேன். அவர் உட்காராமல் போனை நீட்டி, "இது யாருங்க?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன், அந்தப் புருவமும் மூக்கும் படத்தில் இருந்தது போலவே இருந்தன. அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் நாக்கு, "நம்ம ரெகுலர் கஸ்டமருங்க" என்றது.

சட்டைக்குப் பின்னாலிருந்து அருவாளை எடுத்தது தெரியவில்லை. கையைத் தூக்கினேன். விரல் பருப்புத் தட்டில் விழுந்ததைப் பார்த்தேன். அடுத்த வெட்டு தோளில். எங்களிடம் வேலை செய்யும் ஜெகதாம்பாள் அப்போதுதான் சுட்டு இறக்கிய கொட்டையைக் கூடையோடு அவர் முகத்தில் வீசியிராவிட்டால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். தட்டில் இருந்த பருப்பு முழுக்க ரத்தம்.

இப்போது உண்மை. மஞ்சு என்னிடம் கேட்டது வேறு. "சார், உங்க ஆளுங்க கை கறுத்துப் போயி கொட்டை உடைக்கிற படத்தப் போடுங்க, அதுதான் நம்புவாங்க" என்றாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கருகிய கையைப் பார்த்து எவன் முந்திரி வாங்குவான் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. சிரித்த முகமாக நாலைந்து வாடிக்கையாளர் படம் கொண்டுவருகிறேன் என்றேன். ஆனால் என்னிடம் வாடிக்கையாளரே இல்லை. அரியலூரில் எனக்குப் பாக்கெட் ஸ்டிக்கர் அடிக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முழுக்க முகங்கள் இருக்கும். காதுகுத்து, பிறந்தநாள், கட்சிக்காரர்கள். நல்லாச் சிரிக்கிற முகமாக எடுத்துக் கொடுப்பா என்றேன். உங்கள் அண்ணன் படத்தில் 'ராஜதுரை திருமானூர்' என்று பெயர் இருந்தது. அதையே போட்டுக்கொண்டேன். வார்த்தைகள் முழுக்க என்னுடையவை. அது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வந்த படம் என்று நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் செத்தவர்களுக்கும் சிரிக்கிற படத்தைத்தானே போடுகிறோம்.

இதை நான் இரண்டு வாரம் முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் என் கையும் கைதான். கவிதாவின் அண்ணன் அங்கமுத்து வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். ஒரு வார்த்தை சொல்லு மாப்ள, திருமானூர்ல அவன் வூட்டையே இல்லாம பண்ணிடறோம் என்கிறார். வலி வரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. போலீஸ் வந்தது. மயக்கமாக இருக்கிறது என்று இன்றைக்குத் தள்ளிவிட்டேன்.

ஜெயப்பிரகாஷ்

இது நானாக எழுதுவது. அவர் செய்தது தப்பு. அதற்காக விரலை எடுப்பீர்களா? எங்களுக்கும் பிள்ளை இருக்கிறது. கவிதா.


பெரம்பலூர்
27 பிப்ரவரி 2025

உங்கள் கடிதம் இன்று காலை கூரியரில் வந்தது. இதையும் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே உங்கள் கைக்கு வரும்.

தமிழ்மாறன் என் வீட்டில்தான் இருக்கிறான். நெற்றியெல்லாம் கொப்புளம். வந்த அன்று என் கை வலிக்கும்வரை அவனை அறைந்தேன். வாங்கிக்கொண்டு, "அவன் வாயாலயே சொன்னான்க்கா, ரெகுலர் கஸ்டமருன்னு" என்றான். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். ஃப்ளெக்ஸ் கடை என்பதைப் படித்த பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அந்த ஃப்ளெக்ஸுக்குப் படம் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவனே.

உங்கள் மனைவிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் கேட்டது சரி.

ஆனாலும் நான் கேட்கத்தான் போகிறேன். எங்கள் வக்கீல் சொன்னார்: கொட்டை உடைக்கிற மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று நீங்கள் போலீசிடம் சொல்லிவிட்டால் தம்பி மேல் கேஸ் வராது, அவன் சாட்சியும் பிழைக்கும் என்று. சொல்லுங்கள். பொய் உங்களுக்குப் புதிதில்லையே. வியாபாரத்துக்குச் சொன்னீர்கள், என்னிடம் சொன்னீர்கள், அருவாளோடு நின்றவனிடமே சொன்னீர்கள். ஒரு செத்தவனுக்காக இன்னொன்று சொன்னால் என்ன?

கெஞ்சி எழுத வேண்டிய கடிதம் இது. எனக்குக் கெஞ்ச வரவில்லை. நீங்கள் அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் விரலும் இருந்திருக்கும், என் தம்பியும் மனிதனாக இருந்திருப்பான். அதை நினைத்தால் உங்கள் கழுத்தை நெரிக்கத் தோன்றுகிறது. விரலை நினைத்தால் அவன் கழுத்தை.

வண்டியில் நிற்கும் ஆட்களைத் திருமானூருக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த வீட்டில் என் அம்மா மட்டும்தான் இருக்கிறாள்.

வெற்றிச்செல்வி


உடையார்பாளையம்
22 மார்ச் 2025

சகோதரி வெற்றிச்செல்விக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன பொய்யை நான் சொல்லவில்லை. உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், போலீஸ் உங்கள் தம்பி மேல் கேஸ் போட்டுவிட்டது. நீங்களே அழைத்து வந்து ஒப்படைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைச் சபித்துக்கொண்டேதான் வந்திருப்பீர்கள். சபியுங்கள்.

சொல்லியிருக்கலாம். மெஷின் என்றால் ஜெகதாம்பாள் உட்பட எல்லோரும் மெஷின் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எழுதிக்கொள்ளப் போலீஸ்காரர் உட்கார்ந்தபோது வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். நாளைக்கு அந்த மெஷின் கதை கோர்ட்டில் கிழிந்தால் உங்கள் தம்பி வாயில் வரும் உண்மையும் அதோடு சேர்ந்து கிழியும். என் பொய்யை நம்பித்தானே இவ்வளவும் ஆனது.

அதனால் முதலிலிருந்து சொன்னேன். முதல் குற்றம் என்னுடையது என்றே ஆரம்பித்தேன். செத்தவர் படத்தைப் போட்டது, நீங்கள் எழுதிக் கேட்டும் பொய் சொன்னது, உங்கள் தம்பி நேரில் கேட்டும் பொய் சொன்னது, அதற்குப் பிறகு அவர் வெட்டியது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குய்யா சொல்ற, உனக்குத்தான் அசிங்கம்" என்றார். எழுதுங்க சார் என்றேன்.

அங்கமுத்து விஷயம். அவர் கிளம்பியேவிட்டார். நான் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் படுத்தேன். என் மேல ஏத்திட்டுப் போங்க மச்சான் என்றேன். அவர் என்னை மிதித்தார், நிஜமாகவே மிதித்தார். பொட்டப்பய என்றார். பிறகு அவரே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

வெப்சைட்டில் ஐந்து படங்களையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படிப் போடச் சொன்னேன்: "இங்கே இருந்த பாராட்டுகள் அத்தனையும் நானே எழுதியவை. முகங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் வாங்கியவை. அவர்களில் ஒருவரான திருமானூர் ராஜதுரை இறந்தவர். எங்கள் முந்திரியை அவர் சாப்பிட்டதே இல்லை. அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஜெயப்பிரகாஷ்." மஞ்சு, "இதைப் போட்டா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான் சார்" என்று அழுதேவிட்டாள். போட்டுவிட்டோம். இப்போது ஆர்டர் வருவதில்லை, போனில் வசவு வருகிறது. பக்கத்தின் மேலே ஜெகதாம்பாளின் கறுத்த கையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். அதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

உங்கள் தம்பி சாட்சி சொல்லும் அன்று என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. தோற்றுவிட்டால் அதற்கும் நான்தான் காரணம்.

ஜெயப்பிரகாஷ்


பெரம்பலூர்
9 டிசம்பர் 2025

ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத வரவில்லை. பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். இத்தனை மாதம் பதில் எழுதவில்லை, எழுதியிருந்தால் அது நல்ல கடிதமாக இருந்திருக்காது.

தமிழ்மாறனைத் திருச்சி ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஜாமீன் கிடைத்தும் அவன் வேண்டாம் என்றுவிட்டான். கூண்டில் ஏறி, டீக்கடை வாசலில் பார்த்ததைச் சொன்னான். யார் முதலில் வெட்டினார்கள், அண்ணன் எந்தக் கையைத் தூக்கினான், எல்லாம். அந்த மூன்று பேரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களுடைய வக்கீல் எழுந்தார். நான் பயந்தது அப்படியே நடந்தது. ஒரு படத்துக்காக ஒருத்தர் விரலை வெட்டின ஆளு நீ, உன் வார்த்தையை எப்படிய்யா நம்பறது என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் அவனிடம், அதைப் பற்றிக் கேட்டால் கேஸ் நடக்குது, பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவிடு எனச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னான்:

"ஆமாங்கய்யா, வெட்டுனேன். அவரு சொன்ன பொய்ய நம்பி வெட்டுனேன். தப்புதான், அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. நான் வெட்டுனத நான் ஒத்துக்கறேன். எங்கண்ணன வெட்டுனத இவங்கள ஒத்துக்கச் சொல்லுங்க."

அந்த மூன்று பேரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. வக்கீல் உங்கள் வாக்குமூலத்தையும் எடுத்துப் படித்தார், தம்பியை மிருகம் என்று காட்டுவதற்காக. படிக்கப் படிக்க அவருக்கே அது உதவவில்லை. உங்களை நீங்களே அதில் அவ்வளவு அசிங்கப்படுத்தி வைத்திருந்தீர்கள்.

போன வாரம் தீர்ப்பு. மூன்று பேருக்கும் ஆயுள். தன் மேல் உள்ள குற்றத்தையே மறைக்காத சாட்சியை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு இத்தனை நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

இனி தம்பியின் கேஸ் வரும். உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எங்களுக்காக எதையும் குறைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள். அவனும் அதையே கேட்டுக்கொள்ளச் சொன்னான். உங்கள் மனைவியிடம், நான் அன்று பதில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம் என்று சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் அந்த மன்னிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இடம் காலியாகக் கிடக்கிறது. போன வாரம் வேறு பெயரில் அரைக் கிலோ ஆர்டர் போட்டது நான்தான். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அந்த இடத்தில் போடுங்கள். படம் வேண்டாம்.

"பருப்பு நன்றாக இருக்கிறது. பாக்கெட்டின் அடியில் நொறுங்கல் அதிகம், ஒரு சிலது கருகியும் இருக்கிறது. சொன்ன நாளில் வந்து சேர்ந்தது. வெற்றிச்செல்வி, ராஜதுரையின் தங்கை, திருமானூர்."